சிறுவாணியா இருந்தாலும் வேணாமுங்க!

லீவுக்கு ஊருக்குப் போனா, அப்பாவுக்குச் சளி, காய்ச்சல். தலைமாட்டுல, தூக்கத்துல மூச்சு அடைபடாம காத்தைத் தள்ளுற ‘சிபேப்’ மிஷின். 1980-ல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் முதன்முதலா ஒரு நோயாளிக்குப் பொருத்திய சங்கதி இது. மாஸ்க்கும் டியூபும் ஈரமாவே கிடந்தா கிருமிக்குக் கொண்டாட்டம்தான்!

ஸோ, இந்த டியூட்டி உங்களுது. முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. மாஸ்க், டியூப், தண்ணி டேங்க் மூணையும் வெதுவெதுப்பான தண்ணியில லேசான சோப்பு போட்டுக் கழுவி, நல்லா அலசி, நிழல்ல உலர்த்துங்க. சளி தீர்ற வரைக்கும் தினமும்! தூக்கிப்போடுற ஃபில்டர்னா, புதுசு மாத்துங்க.

டேங்க்ல மிச்சத் தண்ணியைத் தினமும் கொட்டிட்டு, டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க. சிறுவாணி ருசி நமக்குப் பெருமைதான். ஆனா, குழாய்த் தண்ணியில உப்பு படியும், கிருமியும் வரலாம். பிளீச்சிங் வேணவே வேணாம், நெடி நேரா நுரையீரலுக்குப் போகும். ஓசோன் க்ளீனரா? அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2020-லயே எச்சரிச்சிருச்சு.

“இருமலோட இது வேறயா, எடுத்து வெச்சுரு கண்ணு”ன்னு அப்பா சொல்வார். தலையாட்டிடாதீங்க. மிஷினை நிறுத்தணுமாங்கறதை டாக்டர் சொல்லட்டும். கழுவறதை நாம பார்த்துக்கலாமுங்க!