எட்டு சிலிண்டரின் குரல்

ஃபோர்டு எஃப்-150 என்று ஒரு வண்டி. முன்னால் ஆட்கள் உட்காரும் கேபின், பின்னால் சரக்கு ஏற்றத் திறந்த பாடி. பிக்கப் என்று சொல்வது இந்த வகையைத்தான். 1977-இலிருந்து பல பத்தாண்டுகளாக அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற பிக்கப் வரிசை ஃபோர்டின் எஃப் வரிசை. அங்கே விவசாயியும் ஓட்டுவார், தச்சரும் ஓட்டுவார், கல்லூரி மாணவரும் ஓட்டுவார். அவர்களில் பலருக்கு ஓர் ஆசை இருக்கும்: வண்டியோடு வந்த புகைக்குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, இன்னும் பெரிதாக ஒன்றை மாட்ட வேண்டும். வண்டி பலமாக இழுக்கும், கம்பீரமாக உறுமும் என்பது அவர்கள் கணக்கு. அதில் பாதி சரி. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள வண்டிக்கு அடியில் போக வேண்டும்.

பட்டறையில் லிஃப்டில் தூக்கிவிட்டால் அண்ணாந்து பார்க்கலாம். வி8 இன்ஜினில் பக்கத்துக்கு நாலாக எட்டு சிலிண்டர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நாலு வாய்களை ஒன்றாகச் சேர்க்கும் கிளைக்குழாய் இருக்கிறது, மேனிஃபோல்டு என்பார்கள். அதை அடுத்து வயிறு உப்பிய ஒரு பெட்டி, அதற்குள் வினையூக்கி. பிறகு நீளமான குழாய். பிறகு சைலன்சர். கடைசியில், பின்சக்கரத்தைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும் வால்.

இந்தக் குழாய்க்குள் என்ன போகிறது? "புகை" என்பீர்கள். தண்ணீரும் போகிறது! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியவில்லையா? பெட்ரோலில் இருப்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். எரியும்போது ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. சேர்ந்தால் அது தண்ணீர்தானே! கார்பன் கார்பன்-டை-ஆக்சைடாகிறது, அது லிட்டருக்கு 2.3 கிலோ. "ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதான், அதிலிருந்து இவ்வளவு எடை எப்படி வந்தது?" என்று கேட்பவர் கெட்டிக்காரர். மீதி எடை காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட ஆக்சிஜனுடையது.

சூட்டில் இந்தத் தண்ணீர் ஆவியாக வெளியேறிவிடும். ஆனால் பக்கத்துக் கடைக்குப் போய்த் திரும்புவதோடு ஓட்டம் முடிந்தால் குழாய் முழுதாகச் சூடேறாது. ஆவி உள்ளேயே குளிர்ந்து சைலன்சரின் அடியில் தேங்கி, இரும்பை உள்ளிருந்து அரிக்கும். மிச்சிகன் போன்ற வட மாநிலங்களில் வெளியிலிருந்தும் அடி விழும். பனிக்காலத்தில் பனிக்கட்டியை உருக்கச் சாலையில் உப்பு தூவுகிறார்கள். அதனால்தான் புதுக்குழாய் வாங்குபவர் முதலில் கேட்பது அளவை அல்ல, உலோகத்தை. 409 என்ற எண் கொண்ட எவர்சில்வரில் 11 சதவீதம் போலக் குரோமியம் இருக்கும். 304-இல் 18 சதவீதம் குரோமியம், கூடவே 8 சதவீதம் நிக்கல். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடுத் தோலை உண்டாக்கிக்கொள்ளும். அது கீறினாலும் மறுபடி தானே மூடிக்கொள்ளும். இரண்டையும் பிரித்தறிய ஒரு காந்தம் போதும். 409-இல் பச்சக்கென்று ஒட்டும், 304-இல் அனேகமாக ஒட்டாது. உங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே ரகம் இல்லை என்று தெரியும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அந்தக் குழாயில் புகை ஒரே சீராக ஓடுவதில்லை. அடிபம்பில் தண்ணீர் வருவதுபோல் குபுக், குபுக்கென்றுதான் வரும். இன்ஜினின் தண்டு இரண்டு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு தடவை மூச்சு விடுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் ஒரு சிலிண்டர் 1,500 முறை. எட்டும் சேர்ந்து 12,000 முறை. அதாவது நொடிக்கு 200 குபுக்! நம் காது இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காது. எல்லாம் சேர்ந்து ஓர் உறுமலாகக் கேட்கிறது.

ஒவ்வொரு குபுக்கிலும் இரண்டு பேர் பயணம் செய்கிறார்கள். ஒருவர் புகை, அவர் மெதுவாக வருவார். இன்னொருவர் அழுத்த அலை, அதாவது ஒலி. அவர் புகையை முந்திக்கொண்டு ஓடிவிடுவார். சாதாரணக் காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும் என்று படித்திருப்பீர்கள். சூடான வாயுவில் அது இன்னும் வேகம். 300 டிகிரி சூட்டில் நொடிக்குச் சுமார் 480 மீட்டர்.

இந்த அலை ஒரு வேடிக்கை செய்யும். ஒடுக்கமான குழாயிலிருந்து திடீரென அகலமான இடத்துக்கு வந்ததும், அதில் ஒரு பங்கு திரும்பி வந்த வழியே ஓடும். போகும்போது தள்ளிக்கொண்டு போனது, திரும்பும்போது உறிஞ்சிக்கொண்டு வரும். சிலிண்டரின் வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்துவிட்டால், உள்ளே மிச்சமிருக்கும் புகையையும் இழுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் புதுக் காற்று கூடுதலாக நுழையும். இன்ஜினுக்கு வலு கூடும். பந்தய வண்டிகளில் மேனிஃபோல்டுக்குப் பதில், சிலிண்டருக்கு ஒன்றாக நீண்ட தனித்தனிக் குழாய்கள் வைப்பது இதற்காகத்தான். அவற்றின் நீளத்தைக் கணக்குப் போட்டு வெட்டுகிறார்கள். ஆனால் ஒரு நீளம் ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும். 5,000 சுற்றில் சரியான நேரத்துக்கு வரும் அலை, 2,000 சுற்றில் வேறு நேரத்துக்கு வந்து நிற்கும்.

அமெரிக்கப் பட்டறைகளில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு: "இன்ஜினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் வேண்டும், குழாயை ரொம்பத் திறந்துவிட்டால் இழுவை போய்விடும்." எனக்கு இதில் உடன்பாடில்லை. வெளியே விடும் மூச்சைத் தடுத்தால் எந்த இன்ஜினுக்கும் நன்மையில்லை. அவர்கள் கண்ணால் பார்த்தது பொய்யல்ல, சொன்ன காரணம்தான் தவறு. சிலிண்டருக்கு அருகிலுள்ள குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் புகையின் வேகம் குறைகிறது, அலைகளின் கணக்கும் கலைகிறது. போனது வேகம், பெயர் எதிரழுத்தத்துக்கு.

சரி, நம் எஃப்-150-க்கு வருவோம். பெரும்பாலானவர்கள் மாற்றுவது வினையூக்கிப் பெட்டிக்குப் பின்னாலுள்ள பகுதியை மட்டும்தான். பழைய குழாயின் விட்டம் 2.5 அங்குலம், புதியது 3 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 9-ஐ 6.25-ஆல் வகுத்தால் 1.44. வழி 44 சதவீதம் அகலமாகிறது! வளைவுகளிலும் கவனிக்க வேண்டும். குழாயை வெறுமனே வளைத்தால் முழங்கை போன்ற இடத்தில் நசுங்கி ஒடுங்கிவிடும். நல்ல பட்டறையில் உள்ளே உருண்டையான ஓர் உலோக அச்சை விட்டுத்தான் வளைப்பார்கள்.

அப்படியானால் வலுவும் 44 சதவீதம் கூடுமா? கூடாது. 2021-ஆம் ஆண்டின் 5 லிட்டர் வி8 இன்ஜின் கொண்ட எஃப்-150 தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 400 குதிரைத்திறன் தருகிறது. அந்தக் குழாயை வடிவமைத்தவர்கள் ஒன்றும் தூங்கவில்லை. பின்பாதியை மாற்றுவதால் கிடைப்பது பெரும்பாலும் சில குதிரைகள்தான். ஓட்டும்போது அது தெரியக்கூடத் தெரியாது. மாறுவது குரல். ஆசையின் சரியான பாதி அதுதான்.

அந்த வினையூக்கிப் பெட்டியை ஏன் தொடுவதில்லை? அதற்குள் தேன்கூடு போல ஒரு பீங்கான் கட்டி இருக்கிறது. ஒரு சதுர அங்குலத்தில் 400 துளைகள்கூட இருக்கும். துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கின்றன. நச்சான கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் எல்லாம் இந்தச் சுவரை உரசிப் போகையில் கார்பன்-டை-ஆக்சைடாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாறிவிடுகின்றன. இந்த வேலையைச் செய்யும் பெட்டிக்கு 1950-களில் காப்புரிமை பெற்றவர் யூஜின் ஹூட்ரி, பிரான்சிலிருந்து அமெரிக்கா வந்த பொறியாளர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகைமூட்டம் அவரை இதில் இறக்கியது. ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலற்றதாக்கிவிடும். ஈயமில்லாத பெட்ரோல் பரவலாக வந்து, 1975-ஆம் ஆண்டின் புது வண்டிகளில்தான் இந்தப் பெட்டி பெருவாரியாக இடம்பிடித்தது. இதைக் கழற்றுவது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம். கழற்றினால் வண்டியே காட்டிக்கொடுத்துவிடும்: பெட்டிக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜனை அளக்கும் உணரிகள் இருக்கின்றன, இரண்டும் ஒரே மாதிரி சொன்னால் முன்பலகையில் எச்சரிக்கை விளக்கு எரியும்.

இனி குரல். சைலன்சருக்கு 1897-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள் அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள். அதன்பின் வந்த சைலன்சர்களில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஓட்டை போட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சைத் திணிப்பது. பஞ்சுக்குள் நுழையும் ஒலி அங்கேயே சிறு வெப்பமாகி அடங்கும். இன்னொன்று, உள்ளே தடுப்பு வைத்து அறை அறையாகப் பிரிப்பது. அலைகள் சுவரில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலையோடு மோதும். ஓர் அலையின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்தால் இரண்டும் காணாமல் போகும்! ஒலியை ஒலியால் அழிக்கலாம் என்பது எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு வியப்புதான்.

வி8-இன் உறுமலுக்கும் ஒரு காரணம் உண்டு. எட்டு சிலிண்டர்களும் சீரான இடைவெளியில்தான் வெடிக்கின்றன. ஆனால் அமெரிக்க வி8-களில் பெரும்பாலும் அந்த வெடிப்புகள் இடம், வலம் என்று ஒழுங்காக மாறி மாறி வருவதில்லை. சில சமயம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு. அதனால் ஒரு பக்கத்துக் குழாயில் மட்டும் காது வைத்தால் தாளம் தப்பியது போலிருக்கும். அந்தத் தப்பிய தாளம்தான் ரசிகர்கள் காசு கொடுத்து வாங்குவது.

காசு கொடுத்த பிறகு ஒரு தொல்லை முளைக்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது கேபினுக்குள் "ம்ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். ஒரு மணி நேரம் கேட்டால் தலைவலி. இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஓடுகிறது என்போம். சுற்றுக்கு நாலு குபுக். ஆகவே நொடிக்கு 120. நொடிக்கு 480 மீட்டர் ஓடும் ஒலி 120 அலைகளாகப் பிரிந்தால் ஓர் அலையின் நீளம் 4 மீட்டர். இப்போது முதன்மைக் குழாயின் பக்கவாட்டில், முனை அடைத்த ஒரு கிளைக்குழாயை ஒட்டவைக்கிறோம். நீளம் சரியாக 1 மீட்டர். அதற்குள் நுழையும் அலை 1 மீட்டர் போய், முட்டி, 1 மீட்டர் திரும்பி வரும். மொத்தம் 2 மீட்டர், அதாவது அரை அலை. மேடாகப் போனது பள்ளத்தோடு சேரும் நேரத்துக்கு வெளியே வருகிறது. ரீங்காரம் அடங்குகிறது! இதில் அசையும் பாகம் ஏதுமில்லை, மின்சாரம் இல்லை. மற்ற வேகங்களில் உறுமல் அப்படியே இருக்கும், அந்த ஒரு சுருதிக்கு மட்டும் வாய்ப்பூட்டு.

இதே கணக்கை உங்கள் பேனா மூடியில் சரிபார்க்கலாம். ஒரு முனை அடைத்த, 5 சென்டிமீட்டர் ஆழமுள்ள மூடியின் விளிம்பில் உதட்டை வைத்து ஊதுங்கள். ஆழத்தை நாலால் பெருக்கினால் 20 சென்டிமீட்டர், அதுதான் அலையின் நீளம். 343-ஐ 0.2-ஆல் வகுத்தால் நொடிக்கு 1,715 அதிர்வு. கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட வரும். ஓட்டை உள்ள மூடி என்றால் வராது, விரலால் அடைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி. குழாயைச் சேசிஸோடு இறுக்கி முடுக்கக் கூடாது, ரப்பர் வளையங்களில் தொங்கவிட வேண்டும். அதிர்வு கேபினுக்கு ஏறாமலிருக்க என்பது ஒரு காரணம். குழாய் நீளும் என்பது இன்னொன்று: 3 மீட்டர் 304 குழாய் 400 டிகிரி சூடேறினால் சுமார் 2 சென்டிமீட்டர் நீண்டுவிடும். இறுக்கிக் கட்டியிருந்தால் எங்காவது விரிசல் விடும். வாலின் முனையும் கேபினைத் தாண்டித்தான் இருக்க வேண்டும். வினையூக்கி சூடேறும்வரை கார்பன் மோனாக்சைடு மாறாமலே வெளியே வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே முதல் ஓட்டத்தை எப்போதும் திறந்த வெளியில்தான் பார்ப்பார்கள். அப்போது புதுக்குழாயின் மேலிருந்து குப்பென்று புகை கிளம்பும். வண்டிக்காரர் பதறுவார், மெக்கானிக் பதறமாட்டார்: குழாய் செய்தபோது ஒட்டிய எண்ணெய் எரிகிறது, சில நிமிடங்களில் நின்றுவிடும்.