செல்போனுக்கும் காலாவதித் தேதி உண்டு

விதை வாங்கும் விவசாயி, மூட்டையில் தைத்துள்ள நீல நிறச் சான்று அட்டையைப் பார்க்கிறார். விதைப் பரிசோதனை நடந்த நாளிலிருந்து 9 மாதம் வரைதான் அந்தச் சான்று செல்லும் என்பது அவருக்குத் தெரியும். பூச்சி மருந்து டப்பாவிலும் தேதியைப் பார்த்தே வாங்குகிறார். ஆனால் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து ஸ்மார்ட்போன் வாங்கும்போது கேமரா, பாட்டரி, திரையின் அளவு ஆகியவற்றை மட்டும் விசாரித்துவிட்டு வந்துவிடுகிறார். அந்தப் போனுக்கும் ஒரு காலாவதித் தேதி உண்டு. கடைக்காரர் அதைச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

செல்போன் இன்று பேசுவதற்கு மட்டும் பயன்படும் கருவியன்று. பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் வரவு வைக்கப்பட்ட செய்தி அதில்தான் வருகிறது. நெல் விற்ற பணம், பயிர்க்கடன் பற்றிய தகவல், வங்கியின் ரகசிய எண் எல்லாம் அதில்தான் வருகின்றன. 2018இல் தமிழக அரசு தொடங்கிய உழவன் செயலியும் அதில்தான் இருக்கிறது. ஆகவே செல்போனின் பாதுகாப்பு, மடியிலுள்ள பணத்தின் பாதுகாப்பே ஆகும்.

இயங்குதளமும் அப்டேட்டும்

போனுக்குள் இருந்து எல்லா வேலைகளையும் நடத்திவைக்கும் மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். நம் நாட்டில் பெரும்பாலான போன்களில் இருப்பது கூகுள் நிறுவனம் உருவாக்கிய ஆண்டிராய்டு. ஐபோன்களில் இருப்பது ஆப்பிள் நிறுவனத்தின் ஐ.ஓ.எஸ்.

இவற்றுக்கு வரும் அப்டேட் இரண்டு வகைப்படும். ஆண்டுக்கு ஒருமுறை புதிய வசதிகளுடன் வருவது பதிப்பு மாற்றம். அதற்கு இடைப்பட்ட காலத்தில், கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைக்க வருவது பாதுகாப்புத் திருத்தம். முதல் வகை வராவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. இரண்டாவது வகை நின்றுபோனால்தான் ஆபத்து.

நன்றாக ஓடும் போனுக்குத் திருத்தம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நெல்லில் நாம் கண்ட அனுபவமே இதற்குப் பதில் சொல்லும். 1973இல் பிலிப்பைன்ஸில் வெளியிடப்பட்ட ஐ.ஆர். 26 ரகம் புகையானைத் தாங்கி நின்றது. சில ஆண்டுகளுக்குள் அந்த ரகத்தையும் தாக்கக்கூடிய புதிய வகைப் புகையான் தோன்றிவிட்டது. அதைத் தாங்கும் ஐ.ஆர். 36 ரகம் 1976இல் வந்தது. ஐ.ஆர். 26இன் குணம் மாறவில்லை, பூச்சிதான் மாறியது. போனும் அப்படித்தான். வாங்கிய அன்று இருந்தபடியே அது இருக்கும். அதற்குள் புகும் வழிகளைத் திருடர்கள் புதிது புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

2015 ஜூலையில் ஆண்டிராய்டில் ஸ்டேஜ்பிரைட் என்ற ஓட்டை இருப்பது வெளியே தெரிந்தது. வஞ்சகமாகத் தயாரிக்கப்பட்ட ஒரு வீடியோச் செய்தியை அனுப்பியே பிறர் போனுக்குள் புக அது வழிவிட்டது. இதன் பின்னர் 2015 ஆகஸ்டு முதல், எந்தெந்த ஓட்டைகள் அடைக்கப்பட்டன என்ற அறிக்கையைக் கூகுள் மாதந்தோறும் வெளியிட்டு வருகிறது.

கடைமடைக்கு வந்து சேர ஏன் தாமதம்?

கூகுள் திருத்தம் வெளியிட்ட அன்றே அது எல்லாப் போன்களுக்கும் வந்துவிடுவதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்த அன்றே அது கடைமடைக்கு வந்து சேர்வதில்லை அல்லவா? வழியில் மதகுகள் பல உண்டு. இங்கும் அதே நிலைதான்.

கூகுள் தரும் திருத்தத்தை, போனின் மூளையாகிய சிப்பைத் தயாரிக்கும் குவால்காம், மீடியாடெக் போன்ற நிறுவனங்கள் தங்கள் சிப்புக்குத் தக்கபடி பொருத்த வேண்டும். பிறகு போன் தயாரிக்கும் நிறுவனம் தன் ஒவ்வொரு மாடலுக்கும் ஏற்ப அதைச் சரிசெய்து சோதிக்க வேண்டும். அதன்பின் அது ஒரே நாளில் விடப்படாமல், சில போன்களுக்கு முதலிலும் மற்றவற்றுக்குப் பின்னரும் முறை வைத்து விடப்படுகிறது. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு இருபது, முப்பது மாடல்களை விற்றால் ஒவ்வொன்றுக்கும் இந்த வேலையைச் செய்தாக வேண்டும். லாபம் குறைந்த மலிவு விலை மாடல்கள் வரிசையில் கடைசிக்குத் தள்ளப்படுகின்றன. சிறு விவசாயிகள் வாங்குவதோ பெரும்பாலும் அந்த மாடல்களைத்தான்.

ஆப்பிள் நிறுவனத்தின் நிலை சொந்தக் கிணற்றுப் பாசனம் போன்றது. சிப், போன், இயங்குதளம் மூன்றும் அதன் கையிலேயே இருப்பதால், தகுதியுள்ள எல்லா ஐபோன்களுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் திருத்தம் கிடைக்கிறது. 2013இல் வந்த ஐபோன் 5எஸ் மாடலுக்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ஆனால் அதன் விலை நம்மில் பலருக்கு எட்டாதது.

தாமதத்தைக் குறைக்கக் கூகுளும் முயன்றுள்ளது. 2017இல் ஆண்டிராய்டு 8 பதிப்புடன், சிப் சார்ந்த பகுதி தனியாகப் பிரிக்கப்பட்டது. 2019இல் ஆண்டிராய்டு 10 பதிப்பு முதல், இயங்குதளத்தின் சில பகுதிகளைப் போன் நிறுவனத்துக்காகக் காத்திராமல் கூகுள் நேரடியாகவே புதுப்பிக்கிறது. இருப்பினும் முழுத் திருத்தத்துக்குப் போன் நிறுவனத்தையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.

சொன்ன சொல் காப்பாற்றப்படுகிறதா?

இதற்கு ஒரே பதில் இல்லை. மாடலைப் பொறுத்தே பதில் அமையும்.

பெர்லின் நகரிலுள்ள எஸ்.ஆர். லேப்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2018 ஏப்ரலில் ஒரு குறையை வெளிப்படுத்தியது. சில நிறுவனங்களின் போன்களில் திருத்தத் தேதி புதியதாகக் காட்டப்பட்டாலும், அந்தத் தேதிக்குரிய திருத்தங்களில் சில உள்ளே சேர்க்கப்படவில்லை என்பதே அது. அட்டையில் ஒரு தேதியும் மூட்டைக்குள் வேறு விதையும் இருப்பதற்கு இது ஒப்பாகும். நெதர்லாந்தின் நுகர்வோர் சங்கம், அப்டேட் காலத்தோடு தரப்படவில்லை என்று 2016இல் சாம்சங் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. 2018 மே மாதத்தில் தீர்ப்பு சங்கத்துக்குப் பாதகமாகவே வந்தது.

பிந்திய ஆண்டுகளில் நிலைமை ஓரளவு சீரடைந்துள்ளது. 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8 போனுக்குக் கூகுளும், 2024 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ் 24 போனுக்குச் சாம்சங்கும் 7 ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தன. 2024 அக்டோபரில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த கேலக்ஸி ஏ 16 5ஜி போன்ற நடுத்தர விலைப் போனுக்கும் 6 ஆண்டு வாக்குறுதி கிடைத்தது. ஆனால் எத்தனை ஆண்டு என்பது வேறு, எவ்வளவு விரைவில் என்பது வேறு. விலை உயர்ந்த மாடலுக்கு மாதந்தோறும் வரும் திருத்தம், மலிவு மாடலுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோதான் வருகிறது. எந்த மாடல் எந்த வரிசையில் உள்ளது என்ற பட்டியலைச் சாம்சங் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது.

சில நாடுகள் இதைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துள்ளன. பாதுகாப்புத் திருத்தம் எவ்வளவு காலம் தரப்படும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்ற விதி பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, இயங்குதளத்துக்கான பாதுகாப்புத் திருத்தம் வெளியான 4 மாதத்துக்குள் அது போனுக்கு வந்தாக வேண்டும். அந்த 4 மாதத்தை நாமும் ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. இந்த மாடல் எந்த மாதம், எந்த ஆண்டு சந்தைக்கு வந்தது என்று கேளுங்கள். அப்டேட் காலம் பொதுவாக மாடல் வெளியான நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது; நாம் வாங்கிய நாளிலிருந்து அன்று. 2024இல் வெளியாகி 4 ஆண்டு வாக்குறுதி பெற்ற போனை 2026இல் வாங்கினால் மிச்சமிருப்பது 2 ஆண்டுதான்.

2. பாதுகாப்புத் திருத்தம் எத்தனை ஆண்டு என்று தனியாகக் கேளுங்கள். விளம்பரத்தில் பதிப்பு மாற்றத்தை மட்டும் சொல்லியிருப்பார்கள். நிறுவனத்தின் இணையதளத்திலேயே பார்த்து உறுதிசெய்வது நலம்.

3. விலையை மிச்சமுள்ள ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 9,000 ரூபாய்ப் போனுக்கு 2 ஆண்டு மிச்சமிருந்தால் ஆண்டுக்கு 4,500 ரூபாய் ஆகிறது. 15,000 ரூபாய்ப் போனுக்கு 5 ஆண்டு மிச்சமிருந்தால் ஆண்டுக்கு 3,000 ரூபாய்தான். எது மலிவு என்பது அப்போது விளங்கும்.

4. பிறர் பயன்படுத்திய போனை வாங்குவோர் இந்தக் கணக்கைப் போடாமல் முன்பணம் கொடுக்கக்கூடாது.

கையிலுள்ள போனைச் சோதிக்கும் முறை

போனில் செட்டிங்ஸ் பகுதியைத் திறந்து, கடைசியிலோ முதலிலோ உள்ள ‘அபவுட் போன்’ என்பதைத் தொடவும். அதற்குள் ஆண்டிராய்டு பதிப்பின் எண்ணும், பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியும் இருக்கும். சில மாடல்களில் ‘செக்யூரிட்டி’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம்.

தேதி 4 மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால் கவலையில்லை. அதைவிடப் பழையதாக இருந்தால் ‘சாஃப்ட்வேர் அப்டேட்’ பகுதிக்குச் சென்று புதியது வந்துள்ளதா என்று பார்க்கவும். ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்து, புதியது எதுவும் வரவில்லையென்றால், அந்தப் போன் காலாவதியாகிவிட்டதாகவே கருத வேண்டும்.

அப்டேட் போடும்போது

பாட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். சில ஜி.பி. இடம் காலியாக இருக்க வேண்டும். தேவையற்ற வீடியோக்களை அழித்துவிடவும். அன்றைய டேட்டா போதாதென்றால், அடுத்த நாள் டேட்டா புதிதாகக் கிடைத்ததும் வேறு எதற்கும் செலவிடுமுன் இதற்குப் பயன்படுத்தவும். முக்கியமான படங்களையும் எண்களையும் முன்னதாக வேறிடத்தில் சேமித்துக்கொள்வது நலம்.

அப்டேட் போட்டால் போன் மெதுவாகிவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. இது முழுக்கப் பொய்யன்று. பாட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. நினைவகம் குறைந்த போனில் பெரிய பதிப்பு மாற்றம் சுமையாக இருக்கக்கூடும். அதற்காகச் சிறிய பாதுகாப்புத் திருத்தத்தைத் தள்ளிப்போடுவது சரியன்று.

ஒன்றை மறக்கக்கூடாது. உண்மையான அப்டேட் செட்டிங்ஸ் வழியாக மட்டுமே வரும். வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பும் கோப்பு அப்டேட் ஆகாது. பி.எம். கிசான் பெயரிலேயே போலிச் செயலிகளை அனுப்பி விவசாயிகளின் பணத்தைச் சுருட்டியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட கோப்பை நாமே நிறுவிக்கொண்டாலோ, ரகசிய எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டாலோ எந்த அப்டேட்டும் காப்பாற்றாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

காலாவதியான போனை என்ன செய்வது?

தூக்கி எறிய வேண்டியதில்லை. பேசவும், வானொலி கேட்கவும், படம் எடுக்கவும் பயன்படுத்தலாம். ஆனால் வங்கிச் செயலிகளையும் பணம் அனுப்பும் செயலிகளையும் அதிலிருந்து நீக்கிவிட வேண்டும். வங்கியில் பதிந்துள்ள சிம்மையும் அதில் வைக்கக்கூடாது. புதிய போன் வாங்கும்வரை அந்த சிம்மைச் சாதாரணப் பட்டன் போனில் போட்டுக்கொள்ளலாம். பட்டன் போனிலிருந்தும் பணம் அனுப்ப, யு.பி.ஐ. 123 பே என்ற முறையை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்துள்ளது.

மிகப் பழைய போன்களைச் செயலிகளும் ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடும். 2023 அக்டோபரில், ஆண்டிராய்டு 5.0க்குக் கீழ்ப்பட்ட பதிப்புகளில் வாட்ஸ்அப் நிறுத்தப்பட்டது இதற்கு உதாரணம்.

விதை அட்டையைப் பார்க்கும் பழக்கமும் நம்மிடம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முளைக்காத விதையால் ஒரு போகம் நஷ்டப்பட்ட பிறகுதான் பலர் அட்டையைப் பார்க்கத் தொடங்கினர். செல்போன் விஷயத்தில் நஷ்டப்பட்டுக் கற்க வேண்டியதில்லை. இன்று மாலையே உங்கள் போனிலுள்ள திருத்தத் தேதியைப் பாருங்கள். அடுத்த போன் வாங்கக் கடைக்குச் செல்லும்போது, ‘இதற்குப் பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டு வரை?’ என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் விசாரித்து வைத்திருப்பார். ஊரே கேட்டால் நிறுவனங்கள் பெட்டியிலேயே அச்சிட்டுத் தரும் நாளும் வரும்.