சட்டத்தில் பெயர் எழுதப்படாத உரிமை



விடுமுறைக்குப் பாசிக்குடா போய்வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வெகு தூரம்வரை ஆழமில்லாத கடல். பிள்ளைகளைப் பயமின்றி இறக்கி விடலாம். திரும்பும்போது வாழைச்சேனையைத் தாண்டினால் ஓட்டமாவடி. அதனையடுத்த மஜ்மா நகரில் வரிசை வரிசையாகக் கப்றுகள். 2021 மார்ச் 5 தொடங்கி ஓராண்டில், கொவிட் நோயால் மரணித்த 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டார்கள். பிற சமயத்தாரும் அவர்களுள் உண்டு.

அந்த மண் கிடைக்குமுன் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. பிறந்து 20 நாளேயான ஒரு பச்சிளம் குழந்தையையும் அவ்வாண்டு டிசம்பரில் எரித்தார்கள். பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டித் துக்கத்தைச் சொன்னார்கள். அதற்குச் சில நாள் முன்புதான், டிசம்பர் 1ஆம் திகதி, இதனை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் காரணம் கூறாமலே தள்ளுபடி செய்திருந்தது.

"மையித்தை அடக்க நமக்கு உரிமையில்லையா?" என்று அன்று கேட்காத தாய் உண்டா? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். மதத்தை அனுசரிக்கும் சுதந்திரம் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அடக்கம் என்ற சொல் இல்லை. பொதுச் சுகாதாரத்துக்காக அச்சுதந்திரத்தைச் சட்டத்தால் மட்டுப்படுத்த 15ஆம் உறுப்புரை இடமளிக்கிறது.

இதைவிட ஆச்சரியம், உயிர் வாழும் உரிமைகூட அங்கே பெயர் சொல்லி எழுதப்படவில்லை! அதை வெளியே கொண்டுவந்தவர் ஒரு விதவை. ஸ்ரீயாணி சில்வா என்பவரின் கணவர் 2000ஆம் ஆண்டு பயாகல பொலீஸாரால் கைதாகி, காவலில் இருந்தபோதே உயிரிழந்தார். உரிமை மீறப்பட்டவரோ அவருடைய சட்டத்தரணியோதான் மனுச் செய்யலாம் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. அடித்தால் வழக்கு, அடித்துக் கொன்றால் வழக்கில்லை என்றல்லவா ஆகிவிடும்! மனைவி வழக்காடலாம் என்று நீதிமன்றம் இணங்கியது. தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளையின்றி எவருக்கும் மரண தண்டனை கூடாது என்கிற 13(4)ஆம் உறுப்புரைக்குள்ளேயே உயிர் வாழும் உரிமை அடங்கியிருக்கிறது என 2003இல் தீர்ப்பானது. சோற்றில் உப்புக் கண்ணுக்குத் தெரிகிறதா என்ன?

பட்டியலில் இல்லை என்பதால் மக்களின் மற்ற உரிமைகளை மறுக்கலாகாது என அமெரிக்க அரசியலமைப்பில் 1791 முதலே ஒரு திருத்தம் உண்டு. நம் நாட்டில் அப்படியொரு வரி கிடையாது. ஆகவே கேட்பவர் கேட்டால்தான், நீதிபதி அப்படி வாசித்தால்தான் உரிமை.

கேட்கவும் கெடு உண்டு. 126ஆம் உறுப்புரையின்படி, உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். இத்தாவோ நான்கு மாதமும் பத்து நாளும்! கணவனை இழந்தவள் வீட்டிலிருக்க, அவளுக்காக மகனோ சகோதரனோ அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் கணக்கிடப்படாது. மட்டக்களப்பிலும் ஆணைக்குழுவின் அலுவலகம் உண்டு. முறைப்பாட்டின் பிரதியையும், கொடுத்த திகதிக்கான அத்தாட்சியையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.