திட்டம் முடிந்த பிறகு வயலில் என்ன மிஞ்சுகிறது?

சிறு விவசாயிகளைப் பற்றிக் கட்டுரைத் தலைப்பு வந்தால் உங்களில் பலர் என்ன எழுதுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்: 'அரசாங்கம் விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்.' சரி, ஏற்படுத்தியாச்சு. பயிற்சி கொடுத்தாச்சு, அதிகாரியும் ஊருக்குத் திரும்பிப் போயாச்சு. அதற்கப்புறம்? அந்த 'அதற்கப்புறம்' பற்றி எழுதினால்தான் கட்டுரை நிற்கும். அதற்கு நம் பக்கத்து நாடான இந்தோனேசியாவில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது.

ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்ததை விவசாயியின் வயல்வரை கொண்டுபோவதுதான் வேளாண் விரிவாக்கம். ஜாவாத் தீவில் நெல் விவசாயிகள் பலரிடம் அரை ஹெக்டேர்கூடக் கிடையாது. 1960களிலிருந்து 'பிமாஸ்' என்ற திட்டம் அவர்களுக்குப் புதுரக விதை, உரம், பூச்சிமருந்து எல்லாவற்றையும் கடனோடு சேர்த்து ஒரே பொட்டலமாகக் கொடுத்தது. மருந்து விலையில் பெரும்பகுதியை அரசே ஏற்றுக்கொண்டது. விளைச்சல் ஏறியது, 1984இல் நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது. இதைக் குறைசொல்ல முடியாது.

ஆனால் விவசாயி கற்றுக்கொண்டது என்ன? 'இத்தனையாவது நாள் மருந்து அடி.' அவ்வளவுதான்.

வினை இங்கேதான் தொடங்குகிறது. நெல்லின் அடித்தண்டில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி புகையான். அது பெருகினால் பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோன மாதிரி காய்ந்துவிடும். வயலில் இருக்கும் சிலந்திகள் அதைப் பிடித்துத் தின்னும். மருந்து அடித்தால் சிலந்தி சாகும், புகையானும் சாகும். ஆனால் புகையானின் முட்டைகள் இலையுறைத் திசுவுக்குள்ளே இருக்கின்றன; மருந்து அங்கே எட்டாது. சில நாளில் குஞ்சுகள் வெளியே வரும்போது தின்ன ஆளில்லை! பூச்சி கூடுகிறதே என்று விவசாயி இன்னும் மருந்து அடிப்பார், பூச்சி இன்னும் கூடும். 1976–77இலும், தன்னிறைவு கண்ட மறுவருடமே 1985–86இலும் புகையான் ஜாவாவைத் தாக்கியது.

1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 வகை மருந்துகளைத் தடை செய்தார். மருந்து மானியமும் படிப்படியாகக் குறைந்து 1989இல் நின்றது. உற்பத்தி சரிந்துவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள், சரியவில்லை. அதே 1989இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு 'விவசாயிகள் வயல்வெளிப் பள்ளி' தொடங்கியது.

ஆசிரியர்களுக்கு இந்தப் பள்ளி பிடிக்கும். சுமார் 25 பேர், வாரம் ஒரு காலை, ஒரு பருவம் முழுக்க. வகுப்பறை வயல்தான். குழுவாகச் சேற்றில் இறங்கிப் பயிரைப் பார்ப்பார்கள், பூச்சிகளை எண்ணுவார்கள், பெரிய தாளில் படமாக வரைவார்கள். பிறகு 'இந்த வாரம் மருந்து வேண்டுமா?' என்று வாதாடுவார்கள். சிலந்தியையும் புகையானையும் ஒரே கூண்டில் விட்டு வேடிக்கை பார்ப்பார்கள். இளம்பயிரின் இலைகளைக் கத்தரித்துவிட்டு விளைச்சல் குறைகிறதா என்று அறுவடைவரை காத்திருந்து பார்ப்பதும் உண்டு. விடையைப் பயிற்றுநர் சொல்லித்தரக் கூடாது. (நமக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்தானே!) 1990களின் முடிவுக்குள் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இப்படிப் படித்தார்கள்.

இதன் பலன் நிலைத்ததா? இங்கேதான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் மருந்தைக் குறைத்தார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் 1990களின் தொடக்கத்திலும் முடிவிலும் அதே குடும்பங்களிடம் விவரம் சேகரித்து உலக வங்கி ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது: விளைச்சலிலோ மருந்துச் செலவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை, பக்கத்து விவசாயிகளுக்கும் பயிற்சி பரவவில்லை. இந்த முடிவுக்கும் எதிர்வாதங்கள் உண்டு.

யார் சொல்வது சரி என்று அவசரப்படாதீர்கள். முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். மருந்து குறைந்தது பள்ளியாலா, மானியம் போய் விலை ஏறியதாலா? பள்ளிக்கு வந்தவர்கள் ஏற்கெனவே ஊரில் முன்னணியில் இருந்தவர்களா? அப்படியானால் மற்றவர்களோடு அவர்களை ஒப்பிடுவதே கோணலாகிவிடும். விரிவாக்கத் திட்டம் எதைப் பற்றிப் படித்தாலும் இந்த இரண்டும் உதவும்.

பரவாததில் எனக்கு வியப்பில்லை. புது விதை என்றால் ஒரு பிடி அள்ளிப் பக்கத்து வயல்காரருக்குக் கொடுத்துவிடலாம். பூச்சியை எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்தை வேலியோரப் பேச்சில் எப்படிக் கொடுப்பது? இலங்கை நெல் விவசாயிகளிடம் நடந்த ஆய்விலும் இதே கதைதான்: படித்தவர்கள் பூச்சிமருந்தை நன்றாகவே குறைத்திருந்தார்கள், அண்டை வயல்களுக்கு அது அதிகம் போய்ச் சேரவில்லை.

உலக வங்கிக் கடனில் நடந்த பயிற்சித் திட்டம் 1999இல் முடிந்தது. பிறகு அதிகாரப் பரவலால் விரிவாக்கப் பணி மாவட்டங்களின் கைக்குப் போனது. 2009 முதல் 2011 வரை ஜாவாவில் புகையான் மறுபடி பெருகியது. 1989இல் 35 வயதில் வயல்வெளிப் பள்ளிக்குப் போனவருக்கு அப்போது வயது 57. அவருடைய வயலை மகன் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். மகன் அந்தப் பள்ளிக்குப் போனவர் இல்லை.