எபிசோட் 41: சின்ன ஆம்ப், பெரிய பெட்டி

(ஒலி வடிவத்தில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கித் தொகுத்தது.)

இந்த வாரம் டெக்னிக்கலா ஆரம்பிக்கப் போறதில்ல. கொஞ்சம் சொந்தக் கதை, அதுக்கு நடுவுல வாட்ஸ் கணக்கு.

ரெண்டு மாசம் முன்னாடி கோவில்பட்டி வீட்டைக் காலி பண்ணினோம். அப்பாவுக்கு 71 வயசு. இனிமே சென்னையில எங்களோடதான். கட்டில், பீரோ எல்லாத்தையும் அங்கேயே தெரிஞ்சவங்களுக்குக் கொடுத்துட்டோம். அவர் விடவே மாட்டேன்னு நின்னது ரெண்டு மரப்பெட்டிக்கு மட்டும்தான். ஒவ்வொண்ணும் இடுப்பு உயரம். பழைய இரும்புக் கடைக்காரர் பார்த்துட்டு, ரெண்டுக்கும் சேர்த்து நானூறு ரூபாய் தர்றேன்னார். அப்பா பதில் சொல்லல. பெட்டியை ஒரு போர்வையால மூடிட்டு உள்ள போயிட்டார்.

அது வெறும் ஸ்பீக்கர் பெட்டி இல்ல, அவரோட கடை. 80-கள்ல அப்பா ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்தார். இப்ப கேக்குற பலருக்கு இது தெரியாம இருக்கலாம். ஒரு பேப்பர்ல உங்களுக்குப் பிடிச்ச பாட்டையெல்லாம் வரிசையா எழுதி, ஒரு காலி கேசட்டோட கடையில கொடுக்கணும். ரெண்டு மூணு நாள்ல எல்.பி. ரெக்கார்டுல இருந்து அந்தப் பாட்டையெல்லாம் பதிஞ்சு கொடுப்பாங்க. அதாவது உங்க பிளேலிஸ்ட்டை ஒரு மனுஷன் உட்கார்ந்து முழுசா கேட்டுச் செஞ்சு தருவார். சி-60 கேசட்னா ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம். கடைசிப் பாட்டு பாதியில அறுந்தா அந்தக் கடைக்கு மானக்கேடு. அதனால எந்தப் பாட்டு எத்தனை நிமிஷம்னு அப்பாவுக்கு மனப்பாடம். இன்னைக்கும் கேட்டா சொல்வார்.

ரோட்டுல போறவங்களை நிறுத்தத்தான் வாசல்ல இந்த ரெண்டு பெட்டி. உள்ளூர் ஆசாரி செஞ்சது. பத்து இன்ச் வூஃபர், ஒரு சின்ன ட்வீட்டர், உள்ள இலவம்பஞ்சு. பிராண்டு கிடையாது.

இப்ப அப்பாவுக்கு ரெண்டு காதுலயும் மிஷின். அம்மா போன பிறகு அவர் பாட்டு கேக்குறதையே விட்டுட்டார். சென்னைக்கு வந்த முதல் வாரம் என் ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பக்கத்துல வச்சேன். அஞ்சு நிமிஷம் கேட்டுட்டு, "சத்தம் வருதுல, பாட்டு வரல" அப்படின்னார். அதோட எழுந்து பால்கனிக்குப் போயிட்டார்.

எங்க கேங்க்ல நாலு பேர் இருக்கோம், ரொம்ப நாளா சீப் ஆம்ப் பைத்தியம். ஒருத்தர் வாங்கினா நாலு வீட்டுக்கும் சுத்தும். அப்படி என்கிட்ட இருந்தது டிபிஏ3116 சிப் போட்ட கிளாஸ் டி ஆம்ப். ஆயிரத்து எண்ணூறு ரூபாய், உள்ளங்கை சைஸ். அட்டைப் பெட்டியில 50 + 50 வாட்ஸ்னு பெருசா போட்டிருந்துச்சு. அப்பா அதைக் கையில வாங்கிப் பார்த்து, "இது சோப்பு டப்பால்ல?" ன்னு சிரிச்சார்.

சரி, இந்த சோப்பு டப்பா எப்படி வேலை செய்யுது? பழைய ஃபேன் ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கா? சுவத்துல பெரிய கறுப்புப் பெட்டி. ஃபேன் மெதுவா சுத்தும்போது அது சூடாகும். வேண்டாத கரண்ட்டை சூடாக்கித் தீர்க்கிறதுதான் அதோட வழி. இப்ப வர்ற எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்ட்டை நறுக்கி நறுக்கி அனுப்புது, அதனால சூடே ஆகாது. பழைய கிளாஸ் ஏபி ஆம்ப்புக்கும் கிளாஸ் டி-க்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட இதுதான். கிளாஸ் டி-யில டிரான்சிஸ்டர் ஒரு ஸ்விட்ச் மாதிரி, ஒண்ணு முழுசா ஆன், இல்லேன்னா முழுசா ஆஃப். வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆன் ஆஃப் ஆகும். எவ்வளவு நேரம் ஆன்ல இருக்குங்கிறதுலதான் பாட்டு இருக்கு. வெளியே வரும்போது ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் அந்த நறுக்கலை வழிச்சு எடுத்துட்டு இசையை மட்டும் விடும். சூடு குறைவு, அதனால பெரிய ஹீட் சிங்க் வேண்டாம். கூடவே அடாப்டர் வந்ததால டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டாம். விலை விழுந்தது அதனாலதான். 2000-களின் நடுவுல ட்ரைபாத் சிப் போட்ட டி-ஆம்ப்னு ஒரு பிளாஸ்டிக் டப்பா அமெரிக்காவுல 40 டாலருக்குள்ள வந்து ஹாபிக்காரங்களைக் கிறங்க அடிச்சுது. ட்ரைபாத் கம்பெனி 2007-ல திவாலாச்சு. அது காட்டின வழி மட்டும் நின்னுடுச்சு.

இப்ப அந்த 50 + 50. சிப் செஞ்ச டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் டேட்டா ஷீட்ல சொல்றது என்னன்னா, 21 வோல்ட் கொடுத்து, 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டி, 10 சதவீதம் டிஸ்டார்ஷன் வந்தாலும் பரவாயில்லன்னா 50 வாட்ஸ். பத்து சதவீதம்னா பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டின மாதிரி இருக்கும். எனக்கு டப்பாவோட வந்ததோ 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். 12-ஐ 2-ஆல பெருக்கினா 24. சுவத்துல இருந்து வர்றதே 24 வாட்ஸ், இதுல எங்கிருந்து 100 போகும்? எட்டு ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்கு போடுவோம். ஆம்ப் உச்சத்துல ஒரு 11 வோல்ட் தள்ளும். 11 பெருக்கல் 11, 121. அதை ஓம்ஸ்ஸோட ரெண்டு மடங்கால, அதாவது 16-ஆல வகுத்தா, ஒரு பக்கத்துக்கு ஏழரை வாட்ஸ். அவ்வளவுதான். சீப் ஆம்ப் வாங்குறவங்க பார்க்க வேண்டியது டப்பா மேல இருக்கிற நம்பரை இல்ல, அடாப்டர்ல இருக்கிற நம்பரை.

ஏழரை வாட்ஸை வச்சு அந்த ரெண்டு பெரிய பெட்டியைப் பாட வைக்க முடியுமா? முடியும், இந்த எபிசோடே அதுக்குத்தான்.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சென்சிடிவிட்டின்னு ஒரு நம்பர் உண்டு. ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்னு அளந்தா எத்தனை டெசிபல்? 3 டெசிபல் கூடணும்னா வாட்ஸ் இரட்டிப்பாகணும். 10 டெசிபல் கூடணும்னா பத்து மடங்கு. அப்பாவோட பெட்டியை நான் ஃபோன் ஆப்பால, தோராயமாத்தான், அளந்தப்போ 90 வந்துச்சு. எங்க ஹால்ல சோஃபாவுல உட்கார்ந்து நிதானமா பாட்டு கேக்க 75 டெசிபல் போதும். அதுக்கு ஒரு வாட்ல பதினாறில் ஒரு பங்கு கூட ஆகாது. டிரம்ஸ், தபலான்னு திடீர்னு வர்ற உச்சத்துக்கு இன்னொரு 20 டெசிபல் இடம் விட்டாலும் ஆறு வாட்ஸ்தான். ஏழரைக்குள்ள அடங்கிடுச்சு.

இதே சோஃபாவுல, இதே சத்தத்துல 83 டெசிபல் ஸ்பீக்கரைக் கேக்கணும்னா கிட்டத்தட்ட 30 வாட்ஸ் வேணும். 83 மட்டமான நம்பர் இல்லீங்க. ஆடியோ ஆட்கள் கோயில் மாதிரி கும்பிடுற பிபிசி-யோட எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரே அந்த ரகம்தான். 1970-கள்ல ஒலிபரப்பு வேனுக்குள்ள வைக்கிறதுக்காகச் செஞ்ச குட்டிப் பெட்டி அது. வேன்ல இடம் கிடையாது, அதனால டெசிபலை விட்டுக்கொடுத்தாங்க.

இது ஒரு பேரம். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிடிவிட்டி, இந்த மூணுல ரெண்டைத்தான் நீங்க எடுத்துக்கலாம். இதுக்கு ஹாஃப்மனின் இரும்பு விதின்னு பேரு. கேஎல்ஹெச்னு ஒரு பழைய அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனி இருந்துச்சே, அதுல இருக்கிற 'ஹெச்' அவர்தான். அந்தக் காலத்துல வாட்ஸ் தங்கம் மாதிரி. வால்வு ஆம்ப்ல ஒவ்வொரு வாட்டுக்கும் காசு, சூடு, எடை. அதனால பெட்டியைப் பெருசாக்கினாங்க. சினிமா கொட்டகையில திரைக்குப் பின்னாடி அவ்வளவு பெரிய ஹார்ன் இருந்ததும் இதனாலதான். 1954-ல எட்கர் வில்ச்சர் வந்தார். ஏஆர்-1ங்கிற ஸ்பீக்கர்ல பெட்டியைக் காத்துப் புகாம மூடி, உள்ள இருக்கிற காத்தையே ஸ்பிரிங் மாதிரி பயன்படுத்தினார். அலமாரியில வைக்கிற சைஸ்ல ஆழமான பேஸ் வந்துச்சு. சென்சிடிவிட்டி விழுந்துச்சு. பின்னாடி டிரான்சிஸ்டர் வந்து வாட்ஸ் மலிவானதும் உலகமே சின்னப் பெட்டிக்கு மாறிடுச்சு. ஆக, ஆம்ப் விலை இறங்க இறங்கத்தான் ஸ்பீக்கர் சிறுத்துச்சு. இப்ப மலிவான ஆம்ப்பை எடுத்து, வாட்ஸ் விலை உயர்ந்து இருந்த காலத்துப் பழக்கத்துல செஞ்ச பெட்டியோட சேர்த்தா ரெண்டு பக்கமும் நமக்கு லாபம். இடம் மட்டும்தான் நஷ்டம். அதை என் வொய்ஃப் முதல் நாளே சொல்லிட்டாங்க.

கணக்கு சரி. நிஜத்துல நடந்ததைக் கேளுங்க.

முன்பக்கத் துணியைக் கழட்டினா வூஃபரைச் சுத்தி இருந்த ஃபோம் வளையம் விரல் பட்டதும் தூளா உதிருது. பழைய ஸ்பீக்கர்ல இது சகஜம். ஃபோம் பதினஞ்சு இருபது வருஷத்துல மக்கிடும், நம்ம ஊர்ப் புழுக்கத்துல இன்னும் சீக்கிரமே. ரப்பர், துணி வளையம்னா தாங்கும். காயில் நல்லா இருக்கான்னு பார்க்க ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி வூஃபர்ல வச்சுப் பாருங்க. 'டப்'னு ஒரு சத்தம், கோன் அசையும். ட்வீட்டர்ல இதைச் செய்யாதீங்க. எங்களோடது அசைஞ்சுது. ரிச்சி ஸ்ட்ரீட்ல ரீகோனிங் பண்ற ஒரு அண்ணன் ரெண்டு வளையத்தையும் மாத்திக் கொடுத்தார். நானூறு ரூபாய்க்குப் போக இருந்த பெட்டிக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் வைத்தியம்.

மாட்டினேன். பாட்டு ஆரம்பிச்ச ரெண்டாவது நொடி ஆம்ப் நின்னுடுச்சு. திரும்ப ஆன் பண்ணினா திரும்ப நிக்குது. அப்பாவோட பழைய வயரையே போட்டிருந்தேன். அதுல ரெண்டு ஸ்பீக்கருக்கும் மைனஸ் ஒரே கம்பி. பழைய ஆம்ப்ல அது ஓடும். இந்த மாதிரி சிப்ல ஒவ்வொரு பக்கத்தோட மைனஸும் தனியா ஓட்டப்படுற அவுட்புட், கிரவுண்ட் இல்ல. ரெண்டையும் சேர்த்துக் கட்டினா ஆம்ப் தன்னைக் காப்பாத்திக்க நின்னுடும். காப்பு இல்லாத போர்டா இருந்தா புகைதான்.

தனித்தனி வயர் இழுத்தேன். இப்ப பாட்டு வருது, பேஸ் வரல. பத்து இன்ச் வூஃபர் ரெண்டு இருந்தும் மிருதங்கம் டிபன் பாக்ஸைத் தட்டின மாதிரி கேக்குது. அடாப்டரைத் திட்டினேன், சிப்பைத் திட்டினேன், 24 வோல்ட் அடாப்டர் ஆர்டர் பண்ண ஃபோனை எடுத்தேன். அப்பா பால்கனியில இருந்து எழுந்து வந்தார். ரெண்டு பெட்டிக்கும் நடுவுல கொஞ்ச நேரம் நின்னார். காது மிஷினைக் கழட்டி சட்டைப் பையில போட்டார். குனிஞ்சு ஒரு பெட்டியோட வூஃபர் மேல உள்ளங்கையை வச்சார்.

"ஏல, ஒரு பக்கம் வயரைத் திருப்பி மாட்டியிருக்க."

அதேதான். ஒரு கோன் முன்னால வரும்போது இன்னொண்ணு பின்னால போயிருக்கு. கீழ் ஸ்வரத்தை ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சு அழிச்சுட்டு இருந்துச்சு. வயரை மாத்தினேன்.

[இந்த இடத்தில் பாட்டு சிறிது நேரம் ஓடுகிறது.]

அன்னைக்கு சாயந்திரம் ரெண்டரை மணி நேரம் அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கல.

அப்ப பழசுதான் ஒசத்தியா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரல. அப்பாவுக்கு உச்ச ஸ்வரம் பெரும்பாலும் கேக்காது, வயசானா முதல்ல போறது அதுதான். அவருக்கு மிச்சம் இருக்கிறது நடுப்பகுதியும் கீழேயும். என் ப்ளூடூத் ஸ்பீக்கர் அங்கதான் கஞ்சத்தனம் பண்ணுது, இந்தப் பெட்டி அங்கதான் தாராளம். பழசுங்கிறதுக்காக இல்ல, பெருசுங்கிறதுக்காக. அதே பெட்டியில ஜால்ரா சத்தம் எனக்கு மணலை அரைக்கிற மாதிரி கேக்குது. ட்வீட்டருக்கு முன்னாடி இருக்கிற கெப்பாசிட்டர் காஞ்சு போயிருக்கும், அதை மாத்தணும்.

ஆம்ப் விஷயத்துல ஒரு சோதனையும் பண்ணினோம். நண்பர் வீட்டு ஜப்பான் ஆம்ப், பன்னிரண்டு கிலோ, ஒரு பக்கம். சோப்பு டப்பா மறுபக்கம். பிளஸ், மைனஸ் ரெண்டையும் மாத்துற ஸ்விட்ச் ஒண்ணு நடுவுல. மல்டிமீட்டர் வச்சு ரெண்டோட சத்தத்தையும் சமம் பண்ணினோம். இதைச் செய்யாத எந்த ஒப்பீட்டையும் நம்பாதீங்க, ஒரு டெசிபல் கூட இருந்தாலே காது அதைத்தான் நல்லதும்பும். போர்வைக்குப் பின்னாடி என் வொய்ஃப் ஸ்விட்ச் போட்டாங்க. பத்துல நான் ஆறு சரியா சொன்னேன், அப்பா அஞ்சு. நாணயத்தைச் சுண்டினாலும் அதே அளவுதான் வரும். அமெரிக்காவுல ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை 1987-லயே இதே மாதிரி பெரிய அளவுல பண்ணி, சில நூறு டாலர் ஆம்ப்பையும் பல ஆயிரம் டாலர் ஆம்ப்பையும் ஆட்களால பிரிக்க முடியலன்னு எழுதினாங்க. சத்தம் உச்சிக்குப் போனா கதை வேற. ஏழரை வாட்ஸ் முட்டும், பன்னிரண்டு கிலோ முட்டாது. எங்க ஃபிளாட்ல அந்த உச்சிக்குப் போனா அசோசியேஷன்ல இருந்து ஆள் வரும்.

பெட்டிகள் இப்ப ஹால்லதான் இருக்கு. ஒண்ணு மேல மணி பிளான்ட், ஒண்ணு மேல வைஃபை ரவுட்டர், அந்த ஒப்பந்தத்துலதான் அனுமதி கிடைச்சுது. ஊர்ல இருந்து வந்த அட்டைப் பெட்டியில இன்னும் 212 கேசட் இருக்கு, டெக்கோட பெல்ட் அறுந்து கிடக்கு. அடுத்த எபிசோட் அதைப் பத்தி. அப்பாவும் பேசுறேன்னு சொல்லியிருக்கார், மைக் கம்பெனி என்னன்னு மட்டும் முதல்ல கேட்டுக்கிட்டார்.