பருத்திக் குடும்பச் சரக்குகள்: வணிகர் கவனத்திற்கு

வெண்டை, செம்பருத்தி, புளிச்சக்கீரை, துத்தி, பூவரசு, பருத்தி ஆகிய அனைத்தும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 'மால்வேசி' என்பது அதன் பெயர். ஐந்து இதழ்ப் பூவும் அதன் நடுவே தூண்போல் நிற்கும் மகரந்தக் குழலும் இதன் அடையாளம். வெண்டைக்காயில் காணும் வழவழப்பு இக்குடும்பத்துச் செடிகள் பலவற்றிலும் உண்டு. நம் கடைகளில் இக்குடும்பத்துச் சரக்குகள் பல விற்பனையாவதால், அவற்றைப் பற்றி நாம் தெரிந்திருப்பது நல்லது.

புளிச்சக்கீரையை ஆந்திரத்தில் 'கோங்கூரா' என்பர். அந்த இனச் செடியின் சிவந்த புல்லி இதழ்களைக் காய வைத்துக் கொதிக்கவிட்டால் புளிப்பான பானம் கிடைக்கும். எகிப்திலும் சூடானிலும் 'கர்கதே' என்று விரும்பிக் குடிக்கிறார்கள். காய்ந்த இதழ் ஈரத்தை இழுக்கும், பூஞ்சை பிடிக்கும். ஆகவே காற்றுப் புகாத டப்பாவில் வைத்தே விற்க வேண்டும்.

மார்ஷ்மல்லோ மிட்டாய் முதலில் இக்குடும்பத்துச் செடி ஒன்றின் வேரிலிருந்து செய்யப்பட்டது. இன்று பெரும்பாலும் சர்க்கரையும் ஜெலட்டினும்தான் சேர்கின்றன. ஜெலட்டின் பிராணிப் பொருள். சைவ வாடிக்கையாளருக்குக் கொடுக்குமுன் உறையில் பச்சை வட்டம் உள்ளதா என்று பார்த்துக் கொடுப்போம்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது பருத்திக்கொட்டைக்குத்தான். மதுரைப் பக்கத்தில் கொட்டையை ஊற வைத்து, ஆட்டிப் பால் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சுவது பருத்திப்பால். மாட்டுத் தீவனத்துக்கும் கொட்டை போகிறது. விதைப்புக்கு வரும் கொட்டையோ வேறு சரக்கு. பஞ்சு நீக்கி, பூச்சிமருந்தும் சாயமும் பூசி வருவது அது. மருந்திட்ட விதையை உணவுக்கோ தீவனத்துக்கோ எண்ணெய்க்கோ பயன்படுத்தக்கூடாது என்ற எச்சரிக்கை அதன் சீட்டில் இருக்க வேண்டும் என்பது 1968ஆம் ஆண்டு விதை விதி. கழுவினால் மருந்து போய்விடும் என்று நம்பக் கூடாது.

எனவே விதைப்பில் மிஞ்சியது என்று யாராவது மலிவு விலைக்குக் கொண்டுவந்தால் வாங்க வேண்டாம். சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் ஒட்டிய கொட்டை ஒன்று கலந்திருந்தாலும் அந்த மூட்டையைத் திருப்பி விடுவோம். வீட்டுத் தோட்டத்துக்கான வெண்டை விதைப் பொட்டலங்களையும் பருப்பு அலமாரியில் வைக்காமல் தனியே வைப்போம்.

மூட்டைக்குச் சில ரூபாய் லாபம் கூடும் என்பதற்காக ஒரு குடும்பத்தின் உயிரோடு விளையாடலாகாது. நம்பிக்கைதான் நம் வியாபாரத்தின் முதல்.