லைடார் உயர மாதிரியைச் சீராக்குதல்

லைடார் உயர மாதிரியைச் சீராக்குதல் என்பது, வானூர்தியில் இருந்து லேசர் மூலம் அளந்து உருவாக்கப்பட்ட எண்ணியல் உயர மாதிரியில் காணப்படும் பொய்யான முகடுகளை நீக்கி, எஞ்சும் சிறு மேடுபள்ளங்களைத் தணிக்கும் செயன்முறை ஆகும். வெள்ளப் பரவலைக் கணித்தல், சமவுயரக் கோடுகள் வரைதல் போன்ற பணிகளுக்கு முன்னர் இது மேற்கொள்ளப்படுகிறது.

பொய் முகடுகள் தோன்றும் விதம்

லேசர் துடிப்பு தரையில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு தொலைவு கணக்கிடப்படுகிறது. இடையில் பறவை, முகில், மின்கம்பி ஆகியவற்றுள் ஏதேனும் குறுக்கிட்டால் அதன் உயரமே பதிவாகிவிடும். மரங்களிலும் புதர்களிலும் பட்ட புள்ளிகள் தரைப் புள்ளிகளாகத் தவறாக வகைப்படுத்தப்படுவதாலும் முகடுகள் தோன்றுகின்றன. துடிப்பு பல பரப்புகளில் எதிரொளித்துத் தாமதமாகத் திரும்பினால், தரைக்குக் கீழே ஒரு பொய்க் குழி உருவாகும். தரையைப் பிரித்தறியும் வழிமுறைகள் பல மிகத் தாழ்ந்த புள்ளிகளில் இருந்தே தொடங்குவதால், இக்குழி முகட்டை விடவும் தொல்லை தருவதாகும்.

பிழைகளை உயர மாதிரியில் அன்றி, அதற்கு மூலமான புள்ளி முகிலிலேயே களைவது சிறந்தது. லாஸ் கோப்பு வடிவத்தின் 1.4 ஆம் பதிப்பில் தாழ்ந்த பிழைப் புள்ளிகளுக்கு 7, உயர்ந்த பிழைப் புள்ளிகளுக்கு 18 என வகை எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

சராசரியும் இடைநிலையும்

புள்ளி முகில் கிடைக்காதபோது கட்ட வடிவிலான மாதிரியின் மீதே வடிகட்டிகள் பயன்படுத்தப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு கட்டத்தின் உயரம் 21.5 மீட்டர் எனவும், அதைச் சூழ்ந்த எட்டுக் கட்டங்களின் உயரங்கள் 12.0, 12.1, 12.1, 12.2, 12.2, 12.3, 12.3, 12.4 மீட்டர் எனவும் கொள்க. ஒன்பதின் சராசரி ஏறத்தாழ 13.2 மீட்டர். அதாவது முகடு மறையவில்லை. அகன்று பரவி, அண்டைக் கட்டங்களையும் கெடுக்கிறது. இடைநிலையோ 12.2 மீட்டர். ஆகவே தனித்த முகடுகளை நீக்க இடைநிலை வடிகட்டியே ஏற்றது.

எனினும் இதே வடிகட்டி மெல்லிய வரம்புகளுக்குப் பகையாகும். ஒரு கட்ட அகலமே உள்ள நேரான வெள்ளத்தடுப்புச் சுவர், 3×3 சாளரத்தில் மூன்று கட்டங்களையே நிரப்பும். மற்ற ஆறும் தாழ்ந்தவை. விளைவாகச் சுவர் முழுவதும் அழிந்துவிடும். நாட்டின் ஏறத்தாழ கால் பகுதி கடல் மட்டத்திற்குக் கீழுள்ள நெதர்லாந்தில் இப்பிழை அற்பமானதன்று. அணை வரம்பின் முடி மாதிரியில் தாழ்ந்துவிட்டால், உலர்ந்திருக்க வேண்டிய நிலத்தையும் வெள்ளம் மூடுவதாகக் கணிப்பு காட்டும்.

வடிவம் காக்கும் முறை

ஜோன் லின்ட்சேயும் உடன் ஆய்வாளர்களும் 2019 இல் வெளியிட்ட முறை, உயரங்களுக்கு மாற்றாக ஒவ்வொரு கட்டத்தின் பரப்புச் செங்குத்துத் திசையைச் சீராக்குகிறது. அண்டைக் கட்டத்தின் திசை குறிப்பிட்ட கோணத்திற்கு மேல் வேறுபட்டால் அது கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. இதனால் வாய்க்கால் கரைகளும் சாலை விளிம்புகளும் பெரிதும் மழுங்காமல் எஞ்சுகின்றன. இம்முறை வைட்பாக்ஸ் டூல்ஸ் என்னும் திறமூல மென்பொருளில் உள்ளது.

எம்முறையைக் கையாண்டாலும், சீராக்கிய மாதிரியை மூல மாதிரியில் இருந்து கழித்துப் பார்ப்பது நல்ல சோதனையாகும். வேறுபாட்டுப் படத்தில் சிதறிய புள்ளிகள் மட்டும் தெரிந்தால் நீங்கியது பெரும்பாலும் இரைச்சலே. தொடர்ச்சியான கோடுகள் தெரிந்தால் வரம்போ வாய்க்காலோ சிதைந்துள்ளது. அப்போது சாளரத்தைச் சிறிதாக்கி மீண்டும் செய்ய வேண்டும்.